தடவிப் பார்க்காத அட்டை

லைப்ரரி மேடம் கடைக்குள் வந்ததும் வராததுமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அளவு கொடுக்க வருகிறவர்கள் அப்படி உட்கார மாட்டார்கள். தைத்ததை வாங்க வருகிறவர்கள் உட்காரவே மாட்டார்கள். டெய்லரம்மா மிஷினில் ஓடிக்கொண்டிருந்த திரைச்சீலையை அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன மேடம், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? போன வாரம் தச்ச கவுன் பிடிக்குதா? குடுங்க, பிரிச்சு விட்டுடறேன்."

"கவுனெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. இது வேற. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"வாயாலதான் சொல்லணும். சொல்லுங்க."

மேடம் சிரிக்கவில்லை. "ராணுவ ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. நம்ம அனுப்பின கார்டுல ஒண்ணுல குண்டூசி இருந்துச்சாம். ஒரு சிப்பாயோட விரல்ல ஏறிடுச்சாம்."

டெய்லரம்மாவின் கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனது. அங்கேதான் குண்டூசி மெத்தையைக் கட்டியிருப்பாள். சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்குப் பஞ்சு அடைத்து அவளே தைத்துக்கொண்டது. எல்லா ஊசியும் தலையை நீட்டிக்கொண்டு அப்பாவி போல அதில் குத்தி நின்றன.

"பேப்பர் கார்டுல எங்கேர்ந்து குண்டூசி வரும்?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. அனுப்பின அட்டைகளில் துணி வைத்துச் செய்தவள் அவள் ஒருத்திதான்.

எல்லையில் சண்டை ஓய்ந்த பிறகுதான் இந்த அட்டை வேலை ஆரம்பித்தது. பக்கத்து ஊர் ராணுவ ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்கள் நிறையப் பேர் படுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு இரண்டு வரி ஆறுதலாக எழுதிப் போடுங்கள் என்று லைப்ரரி வாசலில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தார் மேடம். பெட்டி சீக்கிரமே நிரம்பியது. குழந்தைகள் துப்பாக்கியும் சூரியனும் வரைந்தார்கள். பெரியவர்கள், 'வீரரே, விரைவில் நலம் பெறுக' என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார்கள். டெய்லரம்மாவுக்கு வரையவும் வராது, எழுதவும் வராது. ஆனால் நோயாளியாகப் படுத்திருப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை வயிற்றில் ஆபரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வந்து பார்த்தவர்கள் சொன்ன நல்ல வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. போர்வையின் ஓரத்தில் வைத்துத் தைத்திருந்த வழுவழுப்பான பட்டைத் துணியை விரலால் நீவிக்கொண்டே கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. அது எத்தனையோ பேரின் ஆறுதலுக்குச் சமமாக இருந்தது.

அதனால் அவள் துணியில் அட்டை செய்தாள். கடையில் மிஞ்சும் வெட்டுத் துணிகளுக்குக் குறைவில்லை. கெட்டிக் காகிதத்தின் மேல் வெல்வெட்டில் ஒரு மலை, பூந்துவாலைத் துணியில் ஒரு ஆட்டுக்குட்டி, சாட்டினில் ஒரு ஆறு, வரிவரியாகத் தடித்த கார்டுராய் துணியில் உழுத வயல். பசை போட்டால் துணி விறைத்து அதன் மென்மை செத்துவிடும் என்று பசையே போட மாட்டாள். குண்டூசி குத்தி நிறுத்தி, ஓரம் தைத்து, ஊசியை உருவிவிடுவாள். உள்ளே எழுதுவது வீட்டுக்காரர் வேலை. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின்னும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

"அவருக்கு ரொம்ப வலியா?" என்று டெய்லரம்மா கேட்டாள்.

"அதுதான்க்கா சங்கடம்." மேடம் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு அந்தக் கையில உணர்ச்சியே இல்லையாம். ஊசி ஏறினது தெரியாமலே கார்டைப் போர்வைக்குள்ள வச்சுப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டாராம். காலையில நர்ஸ் வந்து பாத்தா போர்வையில திட்டுத்திட்டா ரத்தம். இனிமே துணிக் கார்டு வேண்டாம், பேப்பர் கார்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்கன்னு சொல்லிட்டாங்க."

மேடம் போன பிறகு டெய்லரம்மா மிஷினில் உட்காரவில்லை. காலையில் கடை திறந்ததும் மிஷின் மேல் கை வைத்துக் கண்ணை மூடி, 'ஆண்டவா, இன்னைக்கு என் கையால யாருக்கும் ஒரு குறையும் வரக் கூடாது' என்று சொல்லிவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் தைத்த துணியில் ஊசி இருந்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. தையல் கோணலாகப் போயிருக்கிறது, பட்டன் காஜா பெரிதாக விழுந்திருக்கிறது, ஒருமுறை ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்து ஊரெல்லாம் சிரித்திருக்கிறது. ஆனால் ஊசி இருந்ததில்லை. ஏனென்றால் எந்தத் துணியையும் மடிப்பதற்கு முன்னால் மேஜையில் விரித்து, உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை தடவிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தப்பினது கைக்குத் தப்பாது. ஊசி இருந்தால் அவள் கையில் குத்தட்டும், அடுத்தவருக்குக் குத்தக் கூடாது.

அந்த அட்டைகளைத் தடவிப் பார்த்தோமா என்று யோசித்தாள். யோசிக்கவே தேவையில்லை. மேஜை மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். கண்டக்டர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று, "தபால் கட்டப் போறாங்களாம், கொண்டாம்மா" என்று அவசரப்படுத்தினார். "இருங்க, ஒரு தடவ தடவிப் பாத்துடறேன்" என்றாள். "நீ தடவுறதுக்குள்ள பஸ்ஸே போயிடும். கார்டுதானே, யாரும் போட்டுக்கிட்டு நடக்கப் போறதில்ல" என்று அவர் வாரிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவளும் விட்டுவிட்டாள். கார்டுதானே என்று அவளுக்கும் அன்றைக்குத் தோன்றியது.

மத்தியானம் சாப்பிட வந்த கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, பிறகு வழக்கம்போல வாயை விட்டார். "குண்டுக்கே பயப்படாத ஆளுங்க. குண்டூசிக்கா பயப்படப் போறாங்க?"

டெய்லரம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "எதுக்குத்தான் சிரிக்கிறதுன்னு ஒரு கணக்கு இல்லியா உங்களுக்கு? வலி தெரியாத மனுஷனைக் குத்தியிருக்கோம். தெரிஞ்ச மனுஷனாயிருந்தா ஆன்னு கத்தியிருப்பான், நம்மளை நாலு வார்த்த திட்டியிருப்பான். அதுக்குக்கூட வழி இல்லாம போச்சு."

கண்டக்டர் ரேடியோவைப் போட்டார், அணைத்தார். குடிக்கத் தண்ணீர் அவரே எடுத்துக்கொண்டார், டம்ளரையும் அவரே கழுவி வைத்தார். அவர் டம்ளர் கழுவுகிறார் என்றால் மனதில் ஏதோ குடைகிறது என்று அர்த்தம். மறுநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தப்பு உன்னுது இல்ல. நான்தான் அள்ளிக்கிட்டுப் போனேன்."

"நீங்க அள்ளினீங்க. நான் விட்டேன்."

"சரி, ஆளுக்குப் பாதி வச்சுக்குவோம்" என்றார் அவர். அவளுக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதியை வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை போயி அந்தத் தம்பியை நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும். வரீங்களா?" என்றாள்.

"நீ கூப்பிடலேன்னாலும் பின்னாடி படிக்கட்டுல தொங்கிக்கிட்டாவது வருவேன்."

லைப்ரரி மேடம் ஆஸ்பத்திரியில் பேசி அனுமதி வாங்கித் தந்தார். பஸ்ஸில் போகும்போது கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிக்கெட் கொடுத்த இளம் கண்டக்டர் விசில் ஊதுவது சரியில்லை, நின்றுகொண்டு வருகிறவர்களை உள்ளே நகர்த்தத் தெரியவில்லை, சில்லறையைக் கையில் கொடுக்காமல் பாக்கி பாக்கி என்று போகிறான் என்று மனைவியின் காதில் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டு வந்தார். டெய்லரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அந்த மனிதரிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று தைத்துப் பார்ப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். எப்படித் தைத்தாலும் அளவு சரியாக வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேரின் பையையும் வாங்கிப் பார்த்தார்கள். மாடியில் வார்டு நர்ஸ் இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார். கண்டிப்பான முகம்; கண் மட்டும் கண்டிப்பை மறந்துவிடும் போல இருந்தது. டெய்லரம்மாவின் பையில் பழம், ஒரு வெள்ளைத் துணி சுற்றிய ரொட்டி, அளவு டேப், துணியில் கோடு போடுகிற சாக். டேப்பும் சாக்கும் இல்லாமல் அவள் கோயில் குளம் என்று எங்கும் போனதில்லை; கை அதுவாகவே எடுத்துப் போட்டுக்கொண்டுவிடும்.

"குண்டூசி ஏதும் இல்லியே?" என்றார் நர்ஸ்.

டெய்லரம்மா முகம் சுண்டியது. கண்டக்டர் தன் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டி, "நல்லாப் பாத்துக்குங்கம்மா. செக்கிங் வந்தா ஒத்துழைக்கிறதுதான் என் பழக்கம்" என்றார். நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு வழிவிட்டார்.

நீளமான வார்டு. இரண்டு பக்கமும் கட்டில்கள். ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. கட்டில் தலைமாட்டுக் கம்பிகளில் லைப்ரரிப் பெட்டியிலிருந்து வந்த அட்டைகளை நூலில் கோர்த்துக் கட்டியிருந்தார்கள். குழந்தைகளின் சூரியன்கள் காற்றில் ஆடின. அவற்றுக்கு நடுவே தன்னுடைய வெல்வெட் மலையையும் சாட்டின் ஆற்றையும் கண்டபோது டெய்லரம்மா அங்கேயே நின்றுவிட்டாள். துணி அட்டைகளின் ஓரம் நைந்து, நிறம் மங்கியிருந்தது. யார் யாரோ தொட்டுத் தொட்டு மங்கிய மங்கல் அது.

"இவங்கதான் துணிக் கார்டு தைக்கிறவங்க. இவர் உள்ள எழுதுறவர்" என்று நர்ஸ் சொன்னதும், முழங்காலுக்குக் கீழே கால் இல்லாத ஒரு சிப்பாய் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு, கண்டக்டரா? சார், நீங்கதானா அது? அந்த ஆடு இறங்குச்சா இல்லியா சார்?"

கண்டக்டர் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதச் சோம்பல்பட்டு, தன் பஸ்ஸில் நடந்த ஒரு கதையைத் துண்டு துண்டாக வெட்டி அட்டைக்கு ஒரு துண்டாக எழுதியிருந்தார். ஒரு அட்டையில் பாட்டி ஆட்டோடு ஏறுவாள். அடுத்ததில் ஆட்டுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று சண்டை. அதற்கடுத்ததில் ஆடு டிக்கெட் கட்டையே தின்றுவிடும். முழுக்கதை வேண்டுமென்றால் கட்டில் கட்டிலாக அட்டையைக் கைமாற்றிப் படித்தாக வேண்டும். நடக்க முடிந்தவர்கள் நடந்துபோய் வாங்கி வந்திருக்கிறார்கள். முடியாதவர்களுக்கு மற்றவர்கள் உரக்கப் படித்திருக்கிறார்கள். ஆடு டிரைவர் மடியில் காலை வைத்த இடத்தில் அட்டை வருவது நின்றுபோய்விட்டது.

"இறங்கலைங்க. அது ஒரு பெரிய கதை" என்று கண்டக்டர் உற்சாகமாக ஆரம்பிக்க, டெய்லரம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வலது கை முன்கையில் நீளத் தழும்பு. அந்தக் கட்டிலின் தலைமாட்டில் மட்டும் அட்டை எதுவும் இல்லை.

"அவன்தான்" என்றார் கால் இழந்தவர், மெல்ல. "நாங்க சிக்னல்னு கூப்பிடுவோம். ஒயர்லெஸ் ரிப்பேர் பண்றதுல புலி. கடுகளவு ஸ்க்ரூவைக்கூட இருட்டுல விரலாலேயே கழட்டிடுவான். இப்ப அவன் விரலுக்கே சிக்னல் கிடைக்கல. டேய், ஆளுங்க வந்திருக்காங்கடா. திரும்பு."

டெய்லரம்மா கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முகம் தெரிகிற பக்கம் நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. பஸ்ஸில் தைத்துப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

"தம்பி, அந்தக் குண்டூசி என்னுதுதான். தடவிப் பாக்காம விட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"பரவால்லம்மா." அவர் எழுந்து உட்கார்ந்தார். மரியாதைக்காக எழுந்தது தெரிந்தது. "குத்தினதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்ல ஆறிடுச்சு. குத்தினது தெரியலையே, அதுதான்."

பிறகு அவராகவே சொன்னார். முன்கையில் நரம்பு அறுந்து தைத்திருக்கிறார்கள். உணர்ச்சி திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு தூரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வழவழப்பு, சொரசொரப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பழகச் சொன்னார்கள். அப்போதுதான் அவள் அட்டை வந்தது. நாள் பூராவும் அதன் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். மலைக்கு ஒரு மாதிரி, வயலுக்கு ஒரு மாதிரி என்று வித்தியாசம் தெரிகிறது என்று டாக்டரிடமும் சொன்னார். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடமும் சொன்னார். "உண்மையிலேயே தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சும்மா. பொய் சொல்லல. கண்ணு பாத்ததை மனசு விரல்ல ஏத்திக்கிச்சு போல. குண்டூசி ஏறினப்பதான் தெரிஞ்சுது, ஒண்ணுமே வரலன்னு. இப்ப அம்மா போன் பண்ணா எடுக்கிறதில்ல. என்னன்னு சொல்ல?"

ரத்தம் வந்ததுதான் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள் டெய்லரம்மா. அவர் எதைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் படுத்திருந்தாரோ, அதில்தான் ஊசி இறங்கியிருக்கிறது. 'கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாகிடும்' என்று நாக்கு நுனி வரை வந்தது. லைப்ரரிப் பெட்டி நிறைய அதே வாக்கியம் கிடந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டு, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாருடைய வேதனைக்குப் பக்கத்திலாவது உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும், மற்றதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே பக்தி.

கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: "இப்ப எது வரைக்கும் தெரியுது தம்பி?"

"தெரியாதும்மா. நான் பாக்கிறதில்ல."

"நாங்க குறிச்சு வச்சுக்கிட்டுதான் வந்தோம்" என்றார் பின்னால் நின்ற நர்ஸ். "குண்டூசி விஷயத்துக்கு அப்புறம் கையைத் தர மாட்டேங்கிறார். கண்ணை மூடுங்கன்னா கையை இழுத்துக்கிறார்."

"ஒரே ஒரு தடவ பாத்துருவோமா? நாங்க இருக்கோம்" என்றாள் டெய்லரம்மா. அவர் தலையாட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கால் இழந்தவர் தன் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "டேய் சிக்னல், கையைக் குடுக்கலேன்னா ஆட்டுக் கதை உனக்குக் கிடையாது. உன் காதைப் பொத்திட்டுத்தான் சாரைச் சொல்ல விடுவேன்."

"போடா" என்றார் சிக்னல். ஆனாலும் கை நீண்டது.

நர்ஸ் ஒரு பஞ்சுத் திரியை எடுத்தார். சிக்னல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், மாத்திரை விழுங்கப் போகும் குழந்தை போல. பஞ்சு முழங்கைக்குக் கீழே தொட்டது. "இருக்கு." தழும்பைத் தாண்டித் தொட்டது. "இருக்கு." கண்டக்டர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். "இருக்கு." மணிக்கட்டு மடிப்பு. "இருக்கு." மடிப்பைத் தாண்டி, கட்டைவிரல் அடிமேட்டின் ஓரம். கொஞ்சம் தாமதித்து, "இருக்கு... லேசா." அதற்கும் கீழே தொட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் தொட்டது தெரியாமல், இன்னும் தொடவில்லை என்று நினைத்து அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"அசையாதீங்க தம்பி" என்று டெய்லரம்மாவின் வாய் சொன்னது. கை பைக்குள் போய் சாக்கை எடுத்து, உணர்ச்சி நின்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டது. தினமும் பத்துப் பேருக்கு அப்படிக் கோடு போடுகிற கை அது. போட்ட பிறகுதான் எங்கே போட்டோம் என்று உணர்ந்து அவள் சாக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஐயோ, பழக்கதோஷம்..."

சிக்னல் கண்ணைத் திறந்து தன் உள்ளங்கையில் கிடந்த நீலக் கோட்டைப் பார்த்தார். "என்னம்மா, கைக்குச் சட்டை தைக்க அளவெடுக்கறீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு முடிவதற்குள் நர்ஸ் பக்கம் திரும்பினார். "போன தடவ எங்க நின்னுச்சு சிஸ்டர்?"

நர்ஸ் போய் அவருடைய பேப்பரை எடுத்து வந்து, பார்த்து, அவர் கையையும் பார்த்தார். "மணிக்கட்டு மடிப்புக்கு மேல."

"அப்ப இது?"

"கீழ. ஒரு விரற்கடைகூட இருக்காது. ஆனா கீழதான்."

சிக்னல் கோட்டின் மேல் இடது கை விரலை வைத்துக்கொண்டு, அதையும் விரல் நுனிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில் எவ்வளவு தூரம் என்று அவர் அளப்பது டெய்லரம்மாவுக்குத் தெரிந்தது. அவளும் அதையேதான் அளந்துகொண்டிருந்தாள். நீளமான தூரம். அதை ஒருவரும் மறைக்கவில்லை.

"குளிச்சா அழிஞ்சிடுமே" என்றார் அவர், கோட்டைப் பார்த்து.

டெய்லரம்மா ரொட்டி சுற்றியிருந்த வெள்ளைத் துணியைப் பிரித்து, தூளை உதறி, அவர் மடியில் விரித்தாள். "கையை வைங்க." அவர் கையை வைத்தார். மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கி, சாக் அந்தக் கையைச் சுற்றிவந்தது. பிறகு கை எடுத்த இடத்தில், கட்டைவிரல் அடிமேட்டுக்கு நேராக, குறுக்குக் கோட்டையும் போட்டாள். "இதை நூலால தச்சு அனுப்பறேன். அப்ப அழியாது. அடுத்த தடவ பாக்கும்போது அதுமேல புதுக்கோடு போட்டு எனக்கு அனுப்புங்க. அதையும் தச்சுத் தரேன்." சொல்லிவிட்டு நர்ஸைப் பார்த்துத் தயங்கினாள். "துணி ஆகாதுன்னு சொல்லிட்டீங்களே... இது ஒண்ணு மட்டும். குண்டூசி குத்த மாட்டேன். நூலாலயே ஓட்டிப் பிடிச்சுத்தான் தைப்பேன்."

நர்ஸ் அவள் கையிலிருந்த சாக்கை வாங்கித் தன் வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அதுதான் பதில்.

அதற்குப் பிறகு கண்டக்டரை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. வார்டு நடுவில் நின்று, இல்லாத மேல்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆடு டிரைவர் மடியில் ஏறியதையும், டிரைவர் பிரேக்குக்குப் பதில் ஹாரனை அழுத்தியதையும், ஹாரனுக்கு ஆடு பதில் சொன்னதையும் நடித்துக் காட்டினார். கட்டு போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர், "சிரிக்க வைக்காதீங்க சார், தையல் பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினார். "பிரிஞ்சா என்ன, என் சம்சாரம் இங்கதானே இருக்கா" என்றார் கண்டக்டர். சிக்னலும் சிரித்தார். அவர் சிரிக்கும்போது போர்வைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார். இந்தத் தடவை அணைக்கவில்லை. "அம்மா..." என்று ஆரம்பித்து, எதிரில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டெய்லரம்மா பழங்களை எடுத்து வைப்பது போலத் தள்ளிப் போய்விட்டாள்.

ஆடு கடைசியில் எங்கே இறங்கியது என்று மட்டும் கண்டக்டர் சொல்லவில்லை. "அது அடுத்த கார்டுல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வார்டு முழுக்க அவரைத் திட்டியது. நர்ஸும் சேர்ந்துதான் திட்டினார்.

அந்த வாரமே கை வரைந்த துணியைத் தைத்து அனுப்பினாள். கையின் ஓரத்தைச் சாம்பல் நிற நூலால் தைத்தாள். குறுக்குக் கோட்டுக்குப் பச்சை. காகித அட்டைகளை மறுபடி அனுப்பலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. துணி அட்டை கூடாது என்பது அப்படியே இருந்தது. டெய்லரம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. கூடாது என்பது நியாயம்தான். இப்போது கண்டக்டர் எழுத எழுத, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அட்டைகளைக் கட்டிக் கொடுத்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து, "உங்க ஆட்டை எங்களுக்கும் கொஞ்சம் மேய விடுங்களேன்" என்று கேட்டு, ஆளுக்கொரு துண்டு எழுதினார்கள். அவரவர் இஷ்டத்துக்கு எழுதியதில் ஆடு ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் இருந்தது. அதைப் பற்றி வார்டிலிருந்து புகார் ஏதும் வரவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம் லைப்ரரி மேடம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. ஒரு பழுப்பு உறையை மிஷின் பலகை மேல் வைத்துவிட்டு, "நான் பிரிச்சுப் பாக்கலக்கா, நீங்களே பாருங்க" என்று பக்கத்திலேயே நின்றார். கண்டக்டரும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

டெய்லரம்மா உறையைப் பிரித்துத் துணியை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். அவள் தைத்த பச்சைக் கோடு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே நீலச் சாக்கில் ஒரு புதுக் கோடு. நர்ஸ் போட்டதாக இருக்க வேண்டும், நேராக இல்லை. சுண்டுவிரல் பக்கத்தில் பழைய கோட்டோடு ஒட்டிக்கொண்டே நின்றது; அங்கே ஒரு நூலளவும் நகரவில்லை. அங்கிருந்து புறப்பட்டுச் சரிந்து, உள்ளங்கையின் குறுக்கே இறங்கி, கட்டைவிரலின் முதல் மடிப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"கோணலா இருக்கே" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்" என்றாள் டெய்லரம்மா. "கோணலாவே தைக்கிறேன்."

நூல் டப்பாவைத் திறந்து, பச்சையிலேயே இன்னும் கொஞ்சம் வெளிர்ந்த பச்சையைத் தேடி எடுத்தாள். விரல்கள் ஐந்தும் இன்னும் வெறும் வெள்ளைத் துணியாகவே கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நூலை இழுத்து, அந்தச் சின்னக் கோட்டுக்கு வேண்டியதைவிட நீளமாகவே விட்டு, பல்லால் கடித்து அறுத்தாள்.